சந்தோஷக் காசு

கிளப்பில் பதினோரு பேருக்கும் அவள் அண்ணி. தலைவருக்கு அவளைவிட ஆறு வயது கூடுதல். அவருக்கும் அண்ணிதான். பதிவுப் பத்திரத்தில் என்னவோ சேவைச் சங்கம் என்று நீளமாக இருக்கும். வாயில் எல்லோருக்கும் கிளப். அங்கே போய்ச் சேர்ந்தவரின் மனைவிக்குத் தனியாகப் பெயர் ஒன்று எதற்கு என்று விட்டுவிடுவார்கள் போலிருக்கிறது. முதல் இரண்டு வருஷம் முகத்தைச் சுளித்துப் பார்த்தாள், பிறகு பழகிக்கொண்டாள். நாமும் அண்ணி என்றே வைத்துக்கொள்வோம்.

அவள் கணவருக்கும் அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. அபராதம். வெளியே அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வியாழக்கிழமை மாலையானால் கடையைப் பாதியில் விட்டுவிட்டு கிளப்புக்கு ஓடி, அங்கே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அபராதம் போடுவார். இருபத்தாறு வருஷமாக அந்தப் பதவியை அவரிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. தாமதமாக வந்தால் அபராதம், சட்டையில் சங்கச் சின்னம் குத்தாமல் வந்தால் அபராதம், புதுக் கார் வாங்கிவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தால் இரட்டை அபராதம். வசூலாகிற பணம் ஏழை நோயாளிகளுக்குப் போகும் என்பதால் யாருக்கும் வருத்தம் கிடையாது. மாட்டிக்கொண்டவனே முதலில் சிரிக்கிற மாதிரி சொல்ல வேண்டும், அதில்தான் சூட்சுமம். அது அவருக்குக் கைவந்த கலை. கூட்டம் தொடங்குமுன் எல்லோருடைய போனையும் மணிச் சத்தம் வராதபடி வாயடைத்து ஒரு பிரம்புக் கூடையில் வாங்கி வைத்துவிட வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தவரும் அவரே.

அபராதம் முடிந்தால் சந்தோஷக் காசு. ஒவ்வொருவராக எழுந்து, அந்த வாரம் தனக்கு நேர்ந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லி, டப்பாவில் ஒரு காசு போட வேண்டும். பேரன் நடக்க ஆரம்பித்தான், கடன் அடைந்தது, மாமியார் ஊருக்குப் போனார், எதுவாயிருந்தாலும் சரி. நல்லதே நடக்காத வாரத்திலும் ஏதாவது சொல்லியாக வேண்டும். "மூட்டு வலி இடது கால்லேருந்து வலது காலுக்கு மாறிடுச்சு. இடது கால் சந்தோஷமா இருக்கு" என்று அபராதம் ஒரு தடவை முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த வாய்தான் சொந்த வீட்டைக் கெடுத்தது. ஆறு வருஷத்துக்கு முன், ஆம்புலன்ஸ் வாங்க நிதி திரட்டும் விருந்து. இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய ஒரே மகள் கல்யாணம் முறிந்து வீடு திரும்பி அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாளே என்று அண்ணிதான் வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தாள். அபராதம் மைக்கைப் பிடித்தார்.

"இன்னைக்கு முதல் அபராதம் எனக்குத்தான். கடையில ஒரு ஃபிரேம் வித்தாக்கூட ஒரு வருஷம் வாரண்டி குடுக்கறவன் நான். எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பதினோரு மாசத்துக்கு மேல குடுக்க முடியல!"

மண்டபம் அதிர்ந்தது. மூன்றாவது மேஜையில் இருந்த மகள் கையிலிருந்த கரண்டியைச் சத்தம் வராமல் தட்டில் வைத்தாள், எழுந்து போனாள். ஒரு மாதத்தில் கடல் தாண்டிய ஒரு ஊரில் மருந்துக் குப்பி நிரப்பும் தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுடன் பேசுவாள். பின்னால் அப்பாவின் இருமல் கேட்டால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். "ஒரு ஜோக்குக்கா இந்த ஆட்டம்?" என்று அவரும் ஆறு வருஷம் முறுக்கிக்கொண்டு திரிந்தார். மகள் பெயரை உச்சரிக்க மாட்டார். கிளப்பில் யாராவது விசாரித்தால் பேச்சை மாற்றிவிடுவார்.

பிறகு அவருக்கு வயிற்றில் நோய் வந்தது, அங்கிருந்து ஈரலுக்குப் போனது. டாக்டர் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வலி மருந்து கொடுத்தால் தூக்கம், கொடுக்காவிட்டால் முனகல். அண்ணி ஒரு மருந்துக்கடையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள், அதனால் மருந்து வேளைகளைக் கட்டம் போட்டு எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருந்தாள். மதிய மருந்தின் மயக்கம் விலகி வலி மறுபடி ஏறுவதற்குள் மாலையில் ஒரு மணி நேரம் கிடைத்தது. ஆறு முதல் ஏழு. நாள் முழுக்க அவர் அவராக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நேரத்தில் அவர் சொன்னார்:

"அவகிட்டப் பேசணும்."

"யாருகிட்ட?"

"நம்ம பொண்ணுகிட்ட." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இருநூறு பேரு சிரிச்சாங்க. அவ கரண்டியக் கீழ வச்சா. கண்ண மூடுனா அதான் வருது. மன்னிப்புக் கேக்கணும். போன் போட்டுக் குடு."

அண்ணி சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்து போன் போட்டாள். அதற்குள் அவர் கண் சொருகிவிட்டது. அவர் கேட்டதையும், அவர் தெளிவாக இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தையும் மகளிடம் சொன்னாள்.

"அவராவா கேட்டாரு?"

"அவராத்தான்டி."

"நீ சொல்லிக் குடுக்கலையே?"

"சத்தியமா இல்ல."

"நாளைக்கு அந்த நேரத்துல நான் உள்ள இருப்பேன், போனைப் பெட்டியில வச்சுப் பூட்டிடுவாங்க. வியாழக்கிழமை உங்க நேரம் ஆறரைக்கு எனக்கு இடைவேளை. அரை மணி நேரம். நானே கூப்பிடறேன். ஆனா நீ எடுக்காத. அவரு எடுக்கட்டும்."

புதன்கிழமை காலை கிளப் தலைவர் நலம் விசாரித்து போன் செய்தார். மரச்சாமான் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், நல்ல மனிதர்களால் வரும் தொல்லைக்கு மருந்து கிடையாது.

"எந்த நேரத்துல அண்ணி அவரு கொஞ்சம் தெளிவா இருக்காரு?"

"ஆறுலேருந்து ஏழு வரைக்கும்" என்றாள் அண்ணி. யார் கேட்டாலும் சொல்கிற பதில்தான் அது.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு அவருக்கு முகம் மழித்து, வெளுத்த சட்டை மாட்டி, தலையணை இரண்டை முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார வைத்தாள். தன் போனை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, சத்தத்தைக் கூட்டி, அவர் கைக்கு எட்டும்படி முக்காலியில் வைத்தாள். ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தால் தலைவர். ஒரு கையில் கிளப்பின் வெண்கல மணி, மறு கையில் மரச் சுத்தி. பின்னால் மீதிப் பத்துப் பேரும், ஆளுக்கொரு மடக்கு நாற்காலியோடு.

"இருபத்தாறு வருஷம் ஒரு கூட்டம் விடாத மனுஷன் அண்ணி. நாலு வாரமா அவரு பேருக்கு நேரா வரலைன்னு எழுத மனசு வரல. எங்க கூடினாலும் கூட்டம் கூட்டம்தான்னு விதியில இருக்கு. அதான் கூட்டத்தையே தூக்கிட்டு வந்துட்டோம்!"

அண்ணி கதவைப் பாதியில் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு அவருக்கு ஒரு போன் வரணுங்க..." என்று ஆரம்பித்தாள்.

"வரட்டுமே. நாங்க என்ன தங்கவா வந்திருக்கோம்? இருபதே நிமிஷம்."

அதற்கும் மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் உள்ளே கட்டிலிலிருந்து, "யாரு, தலைவரா? பேட்ஜ் எங்கய்யா?" என்று ஒரு குரல் வந்தது. நாலு வாரமாக அந்த வீட்டில் கேட்காத குரல். திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் அப்படியே மலர்ந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களை எப்படி வெளியே போ என்பது? வழிவிட்டாள். தேநீர் போடச் சமையலறைக்குப் போனாள்.

நாற்காலிகளைக் கட்டிலைச் சுற்றி விரித்தார்கள். அபராதத்தைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்பதற்காகவே அவருடைய பிரம்புக் கூடையையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். டயர்க் கடைக்காரர் கூடையை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவராகப் போனை வாங்கினார். ஒவ்வொன்றையும் வாயடைத்தார். முக்காலியில் இருந்ததையும் எடுத்தார், அதையும் வாயடைத்தார். விதி என்றால் விதி. கூடையைத் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். கட்டிலில் இருந்தவர் அதைப் பார்த்தாரா, பார்த்தும் இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் அது மனதில் பதியவில்லையா, யாருக்குத் தெரியும்.

மணி அடித்தது. உறுதிமொழி சொன்னார்கள். அபராதம் போடும் உரிமையை அவருக்கே கொடுத்தார்கள். "தலைவருக்கு ரெண்டு அபராதம். ஒண்ணு பேட்ஜ் போடாததுக்கு. ரெண்டு, கட்டில்ல கிடக்கறவன் வீட்டுக்கு நாற்காலி வியாபாரத்துக்கு வந்ததுக்கு" என்றார். அறையே குலுங்கியது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சந்தோஷக் காசு ஆரம்பித்தது. செயலாளராக இருக்கும் பல் டாக்டர் தன் பேரன் மேடையில் ஆடியதை நாலு நிமிஷம் சொன்னார். இன்னொருவர் வீட்டுக்கு வெள்ளை அடித்ததைச் சொன்னார். தட்டில் பன்னிரண்டு கோப்பைகளை அடுக்கிக்கொண்டு அண்ணி சமையலறை வாசலுக்கு வந்தபோது கடைசியாக அவருடைய முறை. கடிகாரத்தில் ஆறு இருபத்தைந்து.

அவரால் எழ முடியாது. காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஆறு வருஷம் கழிச்சு எம் பொண்ணு இன்னைக்கு எங்கிட்டப் பேசப் போறா. நான் அவகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன். அதான் என் சந்தோஷம்."

பதினோரு முகமும் பாதிச் சிரிப்போடு அவரைப் பார்த்துக் காத்திருந்தன. அவர் அப்படித்தானே பேசுவார்? முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு நீட்டி, நிறுத்தி, அப்புறம்தானே போடுவார் ஒரு போடு? அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதிதான் இந்தத் தடவை ஜோக்கு என்று நினைத்துவிட்டார் போலும், டயர்க் கடைக்காரர் முதலில் களுக்கென்றார். பிறகு பக்கத்து நாற்காலி, அப்புறம் எல்லோரும். யாரோ கைதட்டினார்கள். "விட்டுக் குடுக்க மாட்டாருய்யா!" என்றது ஒரு குரல்.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, சபை சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் இருந்து பழக்கமில்லாதவர் போல, தானும் இலேசாகச் சிரித்தார். அவர் செய்த எத்தனையோ காரியங்களை அண்ணி மன்னித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பை மட்டும் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதன்பின் நிதி திரட்டும் நடைப்பயணம் பற்றிய விவாதம் வந்தது. பழைய ஆம்புலன்ஸ் ஓய்ந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும், அதற்காக ஐந்நூறு பேரை நடக்க வைப்பதாகத் திட்டம். அது ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. நடப்பவர்கள் போடும் பனியனுக்கு என்ன நிறம் என்பதில்தான் சிக்கிக்கொண்டார்கள். மஞ்சள் என்றார் தலைவர். மஞ்சள் இரண்டு துவைப்பில் சாயம் போகும் என்றார் பல் டாக்டர். முதுகில் யார் கடை விளம்பரம் மேலே, யாருடையது கீழே என்று அடுத்த தகராறு. அண்ணி கோப்பைகளைக் கொடுத்தாள், எடுத்தாள். காதெல்லாம் போன் சத்தத்துக்குத்தான். ஆறரை ஆனது. ஆறு நாற்பது ஆனது. ஒன்றும் அடிக்கவில்லை. மகளுக்கு மனசு மாறிவிட்டது, என்ன இருந்தாலும் ஆறு வருஷக் கோபம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஏழு அடிக்கும்போதுதான் முக்காலி கண்ணில் பட்டது. வெறும் முக்காலி.

"போன் எங்கங்க? இங்க இருந்த போன்?"

"கூடையில பத்திரமா இருக்கு அண்ணி" என்றார் டயர்க் கடைக்காரர்.

"குடுங்க."

"ரெண்டே நிமிஷம் அண்ணி" என்றார் தலைவர். "தீர்மானம் ஓட்டுக்கு வந்துடுச்சு."

அண்ணி பதினோரு ஆண்களுக்கு நடுவே தரையில் மண்டியிட்டு, டயர்க் கடைக்காரரின் காலை விலக்கி, கூடையை இழுத்தாள். போன்களையெல்லாம் தரையில் கொட்டித் தன்னுடையதைத் தேடி எடுத்தாள். ஒன்பது அழைப்புகள். ஆறரைக்கு ஆரம்பித்து, கடைசி அழைப்பு அப்போதுதான், இரண்டு நிமிஷத்துக்கு முன். திரும்ப அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பெட்டிக்குள் பூட்டியாகிவிட்டது. கட்டிலைப் பார்த்தாள். பேசிக் களைத்து, வாய் சற்றே திறந்தபடி அவர் தூங்கிப்போயிருந்தார். தூங்குகிறவரை எழுப்பக் கூடாதே என்று தலைவர் மணியை மெதுவாக ஒரு தட்டுத் தட்டிக் கூட்டத்தை முடித்தார்.

வெள்ளிக்கிழமை வலி முன்கூட்டியே வந்தது, மருந்தை ஏற்ற வேண்டியதாயிற்று. மகள் அன்று லீவு போட்டுவிட்டுப் போனோடு காத்திருந்தாள். ஆறு மணிக்கு அவர் கண்ணைத் திறந்தார். அண்ணி போனைக் காதில் வைத்து, "பேசுங்க, உங்க பொண்ணு" என்றாள். எதிர்முனையில் மகளின் மூச்சு கேட்டது. அவர் போனையும் அறியவில்லை, மனைவியையும் அறியவில்லை. சனிக்கிழமை மதியம் போய்விட்டார்.

ஞாயிறு காலை மகள் வந்தாள். எல்லாம் முடிந்தபின் அண்ணி அவளை உட்கார வைத்து, கூடையிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நான் கூப்பிடுவேன்னு அவருக்குத் தெரியும். போன் எங்கன்னு ஒரு தடவைகூடக் கேக்கலையா?"

அவர் கேட்கவில்லைதான். அண்ணிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "கூட்டத்துல இருந்தாருடி" என்றாள்.

"ஆமா" என்றாள் மகள். "கூட்டத்துல இருந்தாரு."

"உங்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன்னு அத்தனை பேர் முன்னாடியும் சொன்னாரு. பதினோரு பேரு கேட்டாங்க. வியாழக்கிழமை துக்கம் விசாரிக்க வர்றாங்க. என் வார்த்தை வேணாம், அவங்ககிட்டயே கேளு."

மகளுக்கும் வியாழக்கிழமை மாலைதான் விமானம். வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணி கிளப் ஆட்கள் எப்போது வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தார்கள். மணியையும் கூடையையும் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மகள் எதிரே உட்கார்ந்தாள். பயணப் பெட்டி அவள் காலடியில் நின்றது. தலைவருக்கு உட்கார்ந்தபடி பேச வராது. எழுந்தார்.

"உங்கப்பா எங்களுக்குத் தூண் மாதிரிம்மா. உன்னைப் பத்திப் பேசாத கூட்டமே கிடையாது. எம் பொண்ணு எம் பொண்ணுன்னு உருகுவாரு. உன் பேரைச் சொல்லாம ஒரு வாரம் போனதில்ல."

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஆறு வருஷம் தன் பெயரை வாயில் எடுக்காதவர் அவர் என்பது அவளுக்குத் தெரியாதா? அண்ணி கையை உயர்த்தித் தடுத்தாள்.

"அதெல்லாம் வேணாங்க" என்றாள். "போன வியாழக்கிழமை சந்தோஷக் காசு போடும்போது என்ன சொன்னாரு? அந்த ஒண்ணை மட்டும் சொல்லுங்க."

தலைவர் விழித்தார். தன் முறைக்கும் பிறகு வந்த பனியனுக்கும் நடுவில் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் பையிலிருந்து கூட்டக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். "பன்னிரண்டு உறுப்பினர்களும் தத்தம் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டனர்" என்று படித்தார். அடுத்த வரி பனியன் நிறம்.

"உன்ன நினைச்சாப் பெருமையா இருக்குன்னு சொன்னாரும்மா" என்றார் தலைவர் சமாளித்து.

"இல்ல இல்ல, எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் டயர்க் கடைக்காரர். அந்தப் பதினோரு பேரில் நிஜமாகவே அழுது கண் சிவந்திருந்தவர் அவர் ஒருவர்தான். "உன்னை வச்சு ஒரு ஜோக் சொன்னாரும்மா. நீ போன் பண்ணப் போற, அது இதுன்னு என்னமோ ஒண்ணு. அந்த நிலைமையிலயும் அந்த மனுஷனுக்கு அந்தக் குறும்பு போகல பாரேன். நாங்கல்லாம் வயிறு குலுங்கச் சிரிச்சோம்."

"அவரு?" என்றாள் மகள்.

"அவரும் சிரிச்சாரும்மா. சந்தோஷமாத்தான் போனாரு."

மகள் தலையை ஆட்டினாள். நடைப்பயணத்துக்கு அவர் பெயரையே வைக்கப் போவதாகத் தலைவர் சொன்னதற்கும் தலையை ஆட்டினாள். அவர்கள் எழுந்து, அண்ணியை வணங்கி, சத்தம் வராமல் செருப்பு மாட்டிக்கொண்டு போனார்கள்.

"ஜோக் இல்லடி" என்றாள் அண்ணி. மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிப்புக் கேக்கப் போறேன்னுதான் சொன்னாரு. நான் அந்த வாசப்படியில நின்னு என் காதால கேட்டேன்."

"மன்னிப்புக் கேக்கப் போறேன்னு ஒருத்தர் சொன்னா, பதினோரு பேரு எதுக்கும்மா சிரிக்கணும்?"

அதற்குப் பதில் சொல்வதென்றால் இருபத்தாறு வருஷத்தையும் சொல்ல வேண்டும். வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

"நம்புடி" என்றாள்.

"நம்பறேம்மா" என்றாள் மகள். "நம்பறேன். நீ அழாத." அம்மாவின் கண்ணைத் தன் புறங்கையால் துடைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

மருந்துக்கடையில் முப்பது வருஷம், பிழைக்க மாட்டார்கள் என்று சீட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிடும் எத்தனையோ பேருடைய வீட்டாரிடம் "சரியாயிடும், கவலைப்படாதீங்க" என்று சொல்லி மருந்து கொடுத்து அனுப்பியவள் அண்ணி. அந்தக் குரல் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.